வேகக் கேமரா: உயிர் காக்கவா, கல்லா நிரப்பவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வரியில் சொல்லுங்கள். இந்த அபராதமெல்லாம் பாதுகாப்புக்கா, வசூலுக்கா?

ஒரே வரியில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேமராவை வைத்தவர்களின் நோக்கம் என்ன என்பது ஒன்று. வைத்த பிறகு சாலையில் என்ன நடந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கைகோத்துத்தான் போகும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போலீசார் எழுதிய அபராதச் சீட்டுகளை மைக்கேல் மகோவ்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ராட்மன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வரியை உயர்த்த மக்கள் வாக்களிக்க மறுத்த ஊர்களில் போலீசார் கூடுதலாக அபராதம் விதித்தார்கள், அதுவும் வெளியூர் வண்டிகளுக்கு, என்று 2009-இல் காட்டினார்கள். அப்பட்டமான வசூல். 2011-இல் அதே இருவர் எழுதிய அடுத்த கட்டுரை இன்னும் சுவையானது. பணமுடையால் சீட்டுகள் கூடிய இடங்களில் விபத்துகளும் காயங்களும் குறைந்திருந்தன. சீட்டு எழுதியது அங்கே மனிதர்கள்தான், கேமரா இல்லை. ஆனால் சீட்டை எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பது, அதை வாங்கியவரின் காலுக்குத் தெரியாது; அது பிரேக்கைத் தேடிப் போகிறது. நல்லெண்ணத்தோடு வைத்த கேமராவால் ஒருவகை விபத்து கூடிய கதையும் உண்டு, அது கீழே வருகிறது.

ஆகவே 'வசூலுக்காகத்தான் வைத்தார்கள்' என்று நிரூபித்துவிட்டால் 'அதனால் பயனில்லை' என்பதும் நிரூபணமாகிவிடாது. 'உயிர் காக்கிறது' என்று காட்டிவிட்டால் வசூலில் நடக்கும் அயோக்கியத்தனம் நியாயமாகிவிடாது.

கேமரா வைத்தால் வேகம் உண்மையிலேயே குறைகிறதா?

குறைகிறது. இதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. எவ்வளவு என்பதில்தான் சண்டை. வேகக் கேமராக்களைப் பற்றிய 35 ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், கேமராவின் சுற்றுவட்டத்தில் விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. மரணமோ பலத்த காயமோ விளைவித்த விபத்துகளில் குறைவு 11 முதல் 44 சதவீதம். இடைவெளி பெரிதுதான். ஆனால் திசை ஒன்றே.

சராசரி வேகம் சில கிலோமீட்டர் குறைவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் பள்ளிக்கூட இயற்பியலை மறந்துவிட்டார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி 60-க்கு ஏறினால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, மோதும் ஆற்றலோ 44 சதவீதம் கூடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் மரண விபத்துக்கான அபாயம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. காரின் முன்புறம் மோதிய பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 50 கிலோமீட்டரில் இருப்பதைப் போல 65-இல் நாலரை மடங்கு.

நாடு முழுக்க நடந்த பரிசோதனை என்றால் பிரான்சைச் சொல்லலாம். அங்கே 2002-இல் சாலையில் இறந்தவர்கள் 7,000-க்கு மேல். 2003 அக்டோபரில் தானியங்கி கேமராக்கள் வந்தன. 2006-இல் எண்ணிக்கை 5,000-க்குக் கீழே இறங்கியது. அதே ஆண்டுகளில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான நடவடிக்கைகளும் இறுகின என்பதால் முழுப் புகழையும் கேமராவுக்குக் கொடுக்க முடியாது. பெரும்பங்கைக் கொடுக்கலாம்.

விபத்து அதிகம் நடந்த இடத்தில்தானே கேமரா வைக்கிறார்கள்? அடுத்த ஆண்டு அங்கே எப்படியும் குறையத்தானே செய்யும்?

நல்ல கேள்வி. கேமரா ஆதரவாளர்களுக்குப் பிடிக்காத கேள்வியும்கூட.

ஒரு வளைவில் சாதாரணமாக ஆண்டுக்கு இரண்டு விபத்து நடக்கும் என்று வையுங்கள். ஓராண்டில் கெட்ட நேரம், ஆறு நடந்துவிட்டது. உடனே கேமரா வருகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் இரண்டு. 'பாருங்கள், மூன்றில் இரண்டு பங்கு விபத்து ஒழிந்தது' என்று அறிக்கை வரும். அங்கே ஓர் அரசமரக் கன்றை நட்டிருந்தாலும் அதே இரண்டுதான் நடந்திருக்கும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

பிரிட்டனில் 2005-இல் வெளிவந்த நான்காண்டு மதிப்பீடு, கேமரா இருந்த இடங்களில் இறந்தோரும் பலத்த காயமடைந்தோரும் 42 சதவீதம் குறைந்தார்கள் என்றது. செய்தித்தாள்களின் தலைப்பில் அந்த எண்தான் ஏறியது. அந்தக் குறைவில் கணிசமான பங்கு இந்த இயல்பான இறக்கம் என்பதை அதே அறிக்கையின் பின்னிணைப்பு காட்டியது. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்? மிஞ்சிய பலன் சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை. உங்கள் பகுதி நிர்வாகம் முன்பு-பின்பு எண்களைக் கொண்டுவந்து நீட்டினால், கேமரா வைக்காத ஒத்த சாலைகளில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பும் இல்லை.

வேகக் கேமராவும் சிக்னல் கேமராவும் ஒன்றுதானே?

கருவி ஒன்றுபோலத் தெரியலாம், விளைவு வேறு. வேகக் கேமரா எல்லோரையும் சற்று மெதுவாக்குகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்களைப் பிடிக்கும் கேமரா, கடைசி நொடியில் ஒரு முடிவெடுக்கச் சொல்கிறது: போவதா, நிற்பதா? கேமரா நினைவு வந்ததும் முன்னால் போனவர் சடாரென்று பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் வந்தவர் அதை எதிர்பார்க்கவில்லை.

அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக 132 சந்திப்புகளை ஆராய்ந்து 2005-இல் வந்த முடிவு: குறுக்கே வந்து மோதும் விபத்துகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன, பின்னாலிருந்து மோதுபவை சுமார் 15 சதவீதம் கூடின. பக்கவாட்டு மோதல்தான் ஆளைக் கொல்வது என்பதால் மொத்தக் கணக்கில் கொஞ்சம் லாபம் என்றார்கள். ஹூஸ்டன் நகர மக்கள் 2010-இல் வாக்களித்து இந்தக் கேமராக்களை அகற்றச் செய்தார்கள். அந்த நகரின் தரவுகளை அலசி 2020-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு, மொத்த விபத்துகளையோ காயங்களையோ கேமராக்கள் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. என் தீர்ப்பைக் கேட்டால், வேகக் கேமராவுக்காக வாதாடுவேன். சிக்னல் கேமராவுக்காக வாதாட, முதலில் அந்தச் சந்திப்பின் மஞ்சள் விளக்கைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் விளக்கின் நேரத்தைச் சுருக்கி ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்பது உண்மையா, வதந்தியா?

எல்லா இடத்திலும் நடக்கிறது என்பது வதந்தி. நடந்ததே இல்லை என்பதும் பொய்.

சிகாகோவில் மஞ்சள் விளக்குக்குக் குறைந்தபட்சம் 3 வினாடி. 2014-இல் கேமராக்களை நடத்தும் ஒப்பந்ததாரர் மாறியபோது, மஞ்சள் 2.9 வினாடியே எரிந்திருந்தாலும் சீட்டு செல்லும் என்று சத்தமில்லாமல் தளர்த்தினார்கள். வினாடியில் பத்தில் ஒரு பங்கு, கண்ணிமைப்பதைவிடக் குறைவு. அந்தத் துளியில் சுமார் 77,000 சீட்டுகளும் ஏறக்குறைய 77 லட்சம் டாலரும் விழுந்ததை நகர நிர்வாகத்தின் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் கண்டுபிடித்தார். பிறகு விதியைப் பழையபடி மாற்றினார்கள்.

இன்னொரு கதை ஆரிகன் மாநிலத்தில். 2013-இல் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்குச் சிக்னல் கேமரா சீட்டு வந்தது. மின்னணுவியல் படித்த அவர், மஞ்சள் விளக்கின் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தையே தோண்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் மூவர் 1959-இல் உருவாக்கிய சூத்திரம் அது. நேராகப் போகும் வண்டிக்கு அது பொருந்தும். திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிக்குச் சந்திப்பைக் கடக்கக் கூடுதல் நேரம் வேண்டுமே, அது கணக்கில் இல்லை. இதை வெளியில் சொன்னதற்கு மாநிலப் பொறியியல் வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது, உரிமம் இல்லாமல் பொறியியல் செய்தாராம்! 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு தன் வழிகாட்டியையே திருத்திக்கொண்டது.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கேமராவைத் தூக்கி எறியக் கிளம்ப வேண்டாம். பிலடெல்பியாவில் இரண்டையும் வரிசையாகச் செய்து பார்த்தார்கள். முதலில் மஞ்சள் நேரத்தை ஒரு வினாடி நீட்டினார்கள். மீறல்கள் 36 சதவீதம் குறைந்தன. அதன் மேல் கேமரா வைத்தார்கள்; மிச்சமிருந்த மீறல்களில் 96 சதவீதம் போயின. 2008-இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்த வரிசைதான். முதலில் விளக்கைச் சரிசெய், பிறகு ஆளைப் பிடி.

அபராதப் பணம் யாருக்குப் போகிறது?

ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு விதம். மத்தியக் கருவூலத்துக்கு, உள்ளாட்சிக்கு, சாலைப் பாதுகாப்பு நிதிக்கு, கேமராவை நடத்தும் தனியாருக்கு. மோசமானது கடைசிதான், அதிலும் சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருந்தால் கேட்கவே வேண்டாம். சான் டியாகோவில் கேமராவை நடத்திய நிறுவனத்துக்கு ஒவ்வொரு அபராதத்திலும் பங்கு போனது. 2001-இல் நீதிபதி அந்தச் சான்றுகளை ஏற்க மறுத்து நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தள்ளுபடி செய்தார். பின்னர் கலிஃபோர்னியா மாநிலம், சீட்டின் எண்ணிக்கையை வைத்துப் பணம் கொடுக்கும் புதிய ஒப்பந்தங்களையே தடை செய்தது. ஓகையோ மாநிலத்தில் எல்ம்வுட் பிளேஸ் என்ற, சுமார் 2,000 பேர் வாழும் ஊர் தனியார் வேகக் கேமராக்களை வைத்தது. வழக்கு வந்தபோது, 2013-இல், நீதிபதி அதை மூன்று சீட்டுச் சூதாட்டத்தோடு ஒப்பிட்டு நிறுத்தச் சொன்னார். சிகாகோவிலோ ஒப்பந்தமே லஞ்சத்தில் பிறந்தது. கேமரா நிறுவனத்திடம் பணமும் பரிசுகளும் வாங்கிய நகர அதிகாரிக்கு 2016-இல் 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரியும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நடுவில் நிற்கும் ஏற்பாடுகளும் உண்டு. பிரிட்டனில் 2000-இல் தொடங்கி, கேமராவின் செலவை மட்டும் அபராதத்திலிருந்து எடுத்துக்கொள்ள உள்ளூர்க் கூட்டமைப்புகளுக்கு அனுமதி இருந்தது. செலவைக் கேட்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் கடும் விபத்துகள் நடந்திருக்க வேண்டும், கேமரா கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். அப்படியும் மக்களின் சந்தேகம் தீரவில்லை. 2007-இல் அந்த இணைப்பை அறுத்து, அபராதத்தை நேரே கருவூலத்துக்கு அனுப்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேமரா அபராதம் முழுவதும் சாலை விபத்துத் தடுப்புக்கான தனி நிதிக்குப் போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு கொக்கி: பாதுகாப்புத் திட்டங்கள் மீறல்களை நம்பி வாழத் தொடங்கிவிடும். ஓட்டுநர்கள் எல்லோரும் திருந்திவிட்டால் நடைபாதை கட்ட எங்கே போவது?

அப்படியென்றால், கேமராவின் வருமானம் குறைந்தால் அது நல்ல செய்தியா?

ஆம். அந்தச் செய்தியை உங்கள் நிர்வாகம் மகிழ்ச்சியோடு சொல்கிறதா, பதற்றத்தோடு சொல்கிறதா என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அபராத வரவு 'உயரும்' என்று எழுதியிருந்தால், மக்கள் மேலும் மீறுவார்கள் என்று நம்பித்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் பள்ளிப் பகுதிகளில் கேமரா வைத்த இடங்களில், அவை இயங்கும் நேரத்து வேக மீறல்கள் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக நகரப் போக்குவரத்துத் துறை சொல்கிறது. கேமரா ஒன்றுக்கு வரும் சீட்டுகளும் சுருங்கின. நன்றாக வேலை செய்யும் கேமரா தன் வருமானத்தைத் தானே தின்றுவிட வேண்டும். பத்தாண்டுகளாக ஒரே கம்பத்தில், ஒரே அளவு காய்த்துக் கொட்டும் கேமரா இருந்தால் அது சாலையின் கோளாறு. அகலமாக, நேராக, ஓட்டப்பந்தயத் திடல்போலச் சாலையைப் போட்டுவிட்டு 50 என்று பலகை நட்டால், கண் சாலையைத்தான் படிக்கும், பலகையை அல்ல.

இத்தாலியின் மலைப்பகுதியில் அக்குவேத்திகோ என்ற கிராமம், மக்கள்தொகை 120 அளவில். 2018-இல் இரண்டு வாரம் சோதனையாக வேகத்தை அளந்தார்கள். 50 கிலோமீட்டர் வரம்பை மீறியவை 58,000-க்கு மேல். ஒருவர் 135-இல் பறந்திருக்கிறார். அபராதம் போட்டிருந்தால் அந்தக் கிராமம் பல தலைமுறைக்குப் பணக்காரக் கிராமமாகியிருக்கும். ஆனால் வீட்டுவாசலில் சாலையைக் கடக்க அஞ்சிய மக்கள் கேட்டது பணத்தை அல்ல.

கேமராவை ஒளித்துவைப்பது நியாயமா?

நோக்கம் வண்டிகளை மெதுவாக்குவது என்றால் ஒளிக்கத் தேவையில்லை. ஸ்வீடனில் கேமராவுக்கு முன்பே பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். பிரிட்டனில் மஞ்சள் வண்ணம் பூசினார்கள். ஆனால் கண்ணில் பட்டால் வேறொரு பிரச்சினை: கேமரா அருகே மிதித்து, தாண்டியதும் முறுக்குவார்கள். அங்குமிங்குமாக, எங்கே என்று தெரியாமல் நிறுத்தும் நடமாடும் கேமராவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இதுதான், அதில் நியாயமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2020-இல் நடமாடும் கேமராக்களின் எச்சரிக்கைப் பலகைகளை எடுக்கத் தொடங்கியது. அபராதம் எகிறியது, கூச்சல் எழுந்தது, பலகைகள் திரும்பி வந்தன.

இந்தத் தகராறிலிருந்து வெளியேற வழி சராசரி வேகக் கேமரா. சாலையின் தொடக்கத்திலும் முடிவிலும் நம்பர் பிளேட்டைப் படமெடுக்கிறார்கள். வரம்பு 100, தொலைவு 10 கிலோமீட்டர் என்றால் ஆறு நிமிடத்துக்கு முன்பே வந்து சேர்ந்தவர் மீறியவர். ஒளிவுமறைவு இல்லை, திடீர் பிரேக் இல்லை, ஒரு கணம் அசந்தவர் சிக்குவதும் இல்லை. பிரிட்டனில் 2016-இல் வெளியான ஆய்வொன்று, இவ்வகைக் கேமரா வைத்த சாலைகளில் மரண, பலத்த காய விபத்துகள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது, சராசரிக்குத் திரும்புதலையும் கழித்த பிறகு. வசூல் மட்டுமே குறி என்றால் யாரும் முதலில் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இதில் மாட்டுபவர்கள் குறைவு.

கருவி தவறாகப் படிக்குமா?

படிக்கும். மெல்போர்ன் அருகே வெஸ்டர்ன் ரிங் சாலையில், 2003-இல், ஒரு பழைய டட்சன் 120ஒய் மணிக்கு 158 கிலோமீட்டரில் போனதாகச் சீட்டு வந்தது. சோதனையில் அந்த வண்டியை எவ்வளவு விரட்டியும் 117-ஐத் தாண்டவில்லை. அரசு கடைசியில் சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தரவும் இழப்பீடாகக் கொடுக்கவும் ஒதுக்கியது. அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னும் வேடிக்கை: சிவப்பு விளக்கில் பிரேக் விளக்கு எரிய நின்றுகொண்டிருந்த காருக்கு மணிக்கு 61 கிலோமீட்டர் வேகம் என்று சீட்டு. சான்றாக அனுப்பிய காணொளியிலேயே கார் அசையவில்லை. நகரம் 2013-இல் திட்டத்தை நிறுத்தி, 2017-இல்தான் மீண்டும் தொடங்கியது.

ஆகவே மறுப்புத் தெரிவிக்கும்போது கேட்க வேண்டியவை: கருவியைக் கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தார்கள், சான்றிதழ் எங்கே, படங்கள் எத்தனை, அவற்றுக்கிடையே நேர இடைவெளி எவ்வளவு. இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2015-இல் காலமுறைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், வழக்குக் கோப்பில் இல்லாத அளவீட்டுத் தரவுகளையும் பார்க்க ஓட்டுநருக்கு அடிப்படையில் உரிமை உண்டு என்று 2020-இல் சொன்னது.

ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அபராதம் என்பது சமத்துவமா?

காகிதத்தில் சமத்துவம். ஒருவருக்கு ஒரு வாரக் கூலி, இன்னொருவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. கட்டத் தவறினால் தாமதக் கட்டணம், பிறகு வண்டி முடக்கம் என்று அடி ஏழையின் மேல்தான் குவிகிறது. பின்லாந்தில் பெரிய மீறல்களுக்கு அபராதத்தை வருமானத்தோடு பிணைத்திருக்கிறார்கள். 2023-இல் ஆண்டர்ஸ் விக்லோஃப் என்ற கோடீஸ்வரர் 50 வரம்பில் 82-இல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார்.

கேமரா நிறம் பார்க்காது என்பார்கள். சிகாகோவில் கறுப்பின, லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளுக்குச் சீட்டுகள் ஏறக்குறைய இரு மடங்கு வீதத்தில் போனதை 2022-இல் ஒரு புலனாய்வுச் செய்தி காட்டியது. அகலமான சாலைகளும் நெடுஞ்சாலை ஓரங்களும் எந்தப் பகுதிகளில் அமைகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்துவதைவிடக் கேமரா மேல் என்று அதே மக்களில் பலர் சொல்வதும் உண்மை. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

வண்டி என்னுடையது, ஓட்டியது நான் இல்லை. என்ன செய்வது?

சட்டத்தைப் பொறுத்தது. சில இடங்களில் உரிமையாளரே கட்ட வேண்டும்; ஜெர்மனியில் ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள்தான் காட்ட வேண்டும்; பிரிட்டனில் உரிமையாளர் ஓட்டியவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். பின்னாளில் பிரிட்டிஷ் அமைச்சரான கிறிஸ் ஹியூன், வேக மீறலுக்காகத் தன் ஓட்டுநர் உரிமத்தில் ஏற வேண்டிய தண்டனைப் புள்ளிகளை 2003-இல் மனைவி பெயரில் ஏற்றினார். பத்தாண்டு கழித்து இருவரும் சிறைக்குப் போனார்கள். பதவி அதற்கு முன்பே போய்விட்டது.

கேமராக்களை எடுத்துவிட்ட இடங்களில் என்ன நடந்தது?

பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டம் 2010-இல் நிதிவெட்டின்போது கேமராக்களை அணைத்தது, 2011-இல் மீண்டும் போட்டது. வசூல் கொழிக்கும் தொழில் என்றால் நிதி இல்லாதபோது ஏன் அணைத்தார்கள் என்பதை வசூல் கட்சியினர் யோசிக்க வேண்டும்: அபராதம் கருவூலத்துக்கும் செலவு உள்ளூருக்கும் போனதுதான் காரணம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2025 நவம்பரில் வேகக் கேமராக்களை மொத்தமாகத் தடை செய்தது. மாநில முதல்வர் அவற்றை வெறும் பணப்பறிப்பு என்றார். சில மாதங்களுக்கு முன்புதான் டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், 250 பள்ளிப் பகுதிகளில் கேமராக்களால் வேக மீறல் 45 சதவீதம் குறைந்ததாக வெளியிட்டிருந்தார்கள். தடையோடு வேகத்தடைகள், பலகைகள் போன்றவற்றுக்கு நிதி தருவதாக அரசு அறிவித்தது. வேகத்தடை நல்லதுதான், ஆனால் தீயணைப்பு வண்டியும் பேருந்தும் போகும் பெருஞ்சாலையில் அதைப் போட முடியாது. கேமராவின் இடம் அங்கேதான்.

கேமரா இருக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லும் செயலியைப் பயன்படுத்தலாமா?

உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தக் கூடாது. பிரான்சில் துல்லியமான இடத்தைக் காட்டக் கூடாது. 'அபாயப் பகுதி' என்று பொதுவாகச் சொல்லலாம். பிரிட்டனில் போலீசார் தாங்களே பல கேமராக்களின் இடங்களை இணையத்தில் போட்டுவைக்கிறார்கள்.